புதிய டிவியில் படம் சரியில்லையா? கடைக்காரரைக் கூப்பிடுமுன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

திருவையாற்றில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு முழங்கால் வலி. பத்து நிமிட நடையில் தியாகராஜர் சமாதி இருந்தும், ஆராதனையன்று பஞ்சரத்னக் கீர்த்தனைகளை டிவியில்தான் பார்க்கிறார். அதற்காகவே பொங்கலுக்கு 43 அங்குல 4கே டிவி ஒன்றை வாங்கினார். நேரலை தொடங்கிய கால்மணி நேரத்தில் எனக்குப் போன் வந்தது: “பாடறவா மூஞ்சியெல்லாம் மாவு அப்பின மாதிரி இருக்குடா. பழைய பொட்டியே தேவலை. திருப்பிக் குடுத்துடலாமா?”

நான் போய்ப் பார்த்தபோது அந்த டிவியில் எந்தக் கோளாறும் இல்லை. புதிய டிவியைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன என்பது என் அனுபவம். எனவே டிவி கெட்டிருக்கிறதா, டிவிக்குள் வரும் படம் கெட்டிருக்கிறதா என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருந்தால் அரை நாள் போய்விடும்.

முதல் படி: மெனுவைப் பாருங்கள்

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவியின் ரிமோட்டில் செட்டிங்ஸ் பொத்தானை அழுத்துங்கள். செட்டாப் பாக்ஸின் ரிமோட்டை எடுத்துவிடாதீர்கள். திரையில் தோன்றும் மெனுவின் எழுத்துகளை டிவியே வரைகிறது. அவை கேபிள் வழியாகவோ டிஷ் வழியாகவோ வருவதில்லை. பின்னால் ஓடும் படம் கலங்கலாக இருந்து, மெனு எழுத்துகள் மட்டும் அச்சடித்ததுபோல் கூர்மையாகத் தெரிந்தால், டிவி நன்றாக இருக்கிறது என்றும் வெளியிலிருந்து வரும் படத்தில்தான் குறை என்றும் கொள்ளலாம். மெனுவின் மீதும் கோடுகளோ கறைகளோ தெரிந்தால், நடுவில் உள்ள படிகளை விட்டுவிட்டுக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

இன்னும் உறுதி வேண்டுமானால், உங்கள் செல்போனில் நல்ல வெயிலில் எடுத்த ஒரு நிமிட 4கே வீடியோவைப் பென் டிரைவில் ஏற்றி, டிவியில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். படித்துறையில் நான் எடுத்து வைத்திருந்த ஒரு வீடியோவைப் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். தண்ணீரில் கிடந்த அரசிலையின் நரம்புவரை தெரிந்தது. டிவியைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சு அதோடு நின்றது.

இரண்டாம் படி: பின்பக்கத்து வயர்

டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் இடையே மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று முனை கொண்ட ஏவி வயர் ஓடுகிறதா என்று பாருங்கள். பழைய டிவியைக் கழற்றியவர் அதே வயரைப் புதிய டிவியிலும் செருகிவிட்டுப் போவது நம் பக்கத்தில் சாதாரணமாக நடக்கிறது. அந்த மஞ்சள் முனை எவ்வளவு நல்ல படத்தையும் பழைய காலத்துத் தரத்துக்கு இறக்கித்தான் கொண்டுவரும். பாக்ஸில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் அந்த வயரை வாங்கிச் செருகி, டிவியின் சோர்ஸ் மெனுவில் எச்.டி.எம்.ஐ. 1 அல்லது 2 என்று எந்தத் துளையில் செருகினீர்களோ அதைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் செட்டாப் பாக்ஸின் சொந்த மெனுவுக்குள் சென்று, வீடியோ அவுட்புட் 576 என்று இருந்தால் 1080 ஆக மாற்றுங்கள். வயரை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுபவர்கள் நிறையப் பேர்.

வயரை மாற்றியும் முகங்கள் மாவாகவே இருந்தால், நீங்கள் பார்ப்பது எஸ்.டி. சேனலாக, அதாவது பழைய சாதாரணத் தரச் சேனலாக இருக்கும். இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. நம் நாட்டு எஸ்.டி. ஒளிபரப்பில் ஒரு படம் என்பது அகலத்தில் 720, உயரத்தில் 576 புள்ளிகள், மொத்தம் 4,14,720. ஒரு 4கே திரையில் இருப்பவை 3840க்கு 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். சரியாக இருபது மடங்கு. இருபது மா நிலம் கொண்டது ஒரு வேலி என்பது தஞ்சாவூர் நில அளவுக் கணக்கு. ஒரு மாவுக்குப் பறித்த நாற்றை ஒரு வேலிக்கும் பரப்பி நட்டால் வயல் எப்படித் தெரியுமோ, அப்படித்தான் எஸ்.டி. படம் 4கே திரையில் தெரிகிறது. இடையில் விடுபட்ட பத்தொன்பது புள்ளிகளையும் டிவி ஊகித்து நிரப்புகிறது. அந்த ஊகம்தான் முகத்தில் அப்பிய மாவு. பழைய 21 அங்குலப் பெட்டியில் இதே சேனல் நன்றாகத் தெரிந்ததற்குக் காரணம், அந்தப் பெட்டி சிறியது என்பதும் அது அந்தத் தரத்துக்கென்றே செய்யப்பட்டது என்பதும்தான்.

இதற்குச் சரியான தீர்வு, எச்.டி. (உயர் தர) பாக்ஸாக மாற்றிக்கொண்டு எச்.டி. சேனல்களைப் பார்ப்பதே. உங்களிடம் இருப்பது எஸ்.டி. பாக்ஸாக இருந்தால் எந்த அமைப்பை மாற்றினாலும் எச்.டி. சேனல் வராது, கேபிள்காரரிடம் கேட்டுப் பாக்ஸையே மாற்ற வேண்டும். எச்.டி. பாக்ஸ் இருந்தாலும் ஒரே சேனலின் எஸ்.டி. வடிவம் ஒரு எண்ணிலும் எச்.டி. வடிவம் வேறு எண்ணிலும் இருப்பது வழக்கம் என்பதால், பழகிய எண்ணையே அழுத்திக்கொண்டிருக்காதீர்கள்.

பாக்ஸை மாற்றும்வரை நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போடுங்கள். எச்.டி. படத்துக்குத் திரை உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரமும், எஸ்.டி. படத்துக்கு ஆறு மடங்கு தூரமும் பொருத்தமானவை. 43 அங்குல டிவியின் திரை ஏறத்தாழ 53 செ.மீ. உயரம் கொண்டது, எனவே எஸ்.டி. சேனலுக்குச் சுமார் பத்தரை அடி தள்ளி உட்கார வேண்டும். முகங்கள் அகலமாக, எல்லோரும் குண்டாகத் தெரிந்தால் அது வேறு விஷயம்: 4:3 அளவில் வரும் படத்தைத் திரை முழுவதும் இழுத்து வைத்திருக்கிறார்கள். பிக்சர் சைஸை மாற்றினால் போதும்.

மூன்றாம் படி: கடை வெளிச்சத்தைக் கழற்றுங்கள்

டிவி முதன்முறை இயங்கும்போது ஹோம் மோடா, ஸ்டோர் மோடா என்று கேட்கும். அவசரத்தில் ஸ்டோர் மோடை அழுத்தியிருந்தால், குழல்விளக்குகள் நிறைந்த கடையில் பளிச்சென்று தெரிவதற்கான அமைப்பிலேயே டிவி இருக்கும். நீங்கள் செய்யும் மாற்றங்களையும் சிறிது நேரத்தில் அழித்துவிடக்கூடும். முதலில் அதை ஹோம் மோடுக்கு மாற்றுங்கள்.

அடுத்து பிக்சர் மோடு. விவிட், டைனமிக் என்ற பெயர்களை விட்டு மூவி, சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடுக்குப் போங்கள். படம் சட்டென்று மஞ்சள் பூத்ததுபோல் தோன்றும். இரண்டு நாள் பொறுத்துக்கொண்டால் கண் பழகிவிடும். அதன்பின் விவிடுக்குத் திரும்பிப் பார்த்தால், எல்லோருக்கும் நீலம் போட்டு வெளுத்ததுபோல் இருக்கும்.

ஷார்ப்னஸ் என்ற அமைப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அதைக் கூட்டினால் படம் தெளிவாகும் என்று பெயரே நம்ப வைக்கிறது. பெரியப்பா நூற்றுக்கு நூறு வைத்திருந்தார். திரைக்கு மிக அருகில் போய், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவரின் அங்கவஸ்திரத்துச் சரிகைக் கரையைப் பார்க்கச் சொன்னேன். கரையை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. மிருதங்கத்தின் வார்களுக்கும் அதே வெள்ளை விளிம்பு. அந்தக் கோடுகள் எதுவும் ஒளிபரப்பில் இல்லை, ஷார்ப்னஸ் வரைந்தவை. அவை மறையும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். பல டிவிகளில் இருபதுக்குக் கீழேதான் அந்த இடம் வரும்.

மனிதர்கள் வழுக்கிக்கொண்டு நடப்பதுபோலவும், சினிமா சீரியல்போலவும் தெரிந்தால் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். படம் காரணமில்லாமல் இருண்டு இருண்டு வந்தால் பவர் சேவிங் அல்லது ஈகோ மோடை அணையுங்கள். முற்றம் வைத்த வீடுகளில் பகல் வெளிச்சம் நேராகத் திரையில் விழுந்தால் எந்த அமைப்பும் உதவாது. டிவி இருக்கும் சுவரை மாற்றுங்கள், அல்லது தட்டி கட்டுங்கள். பல டிவிகளில் ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. துளைக்கும் அமைப்புகள் தனித்தனி என்பதால், ஒரு துளையில் மாற்றியது இன்னொன்றுக்கு வராது.

நான்காம் படி: படம் கட்டம் கட்டமாக உடைந்தால்

டிஜிட்டல் சிக்னல் குறைந்தால் படம் மங்காது. சதுரங்களாக உடையும், உறையும், அறுந்துபோகும். எனவே மங்கலான படத்துக்காக டிஷ்ஷைத் திருப்புவது வீண் வேலை. உடைகிற படத்துக்கு மட்டும் இந்தப் படி.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டிஷ் சிக்னல் அறுவது இயல்பு. மழை விட்டால் வந்துவிடும். வெயிலிலும் உடைந்தால் டிஷ்ஷுக்கு முன்னால் உள்ள வானத்தைப் பாருங்கள். தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையைத் தரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து அது தென்கிழக்கே, ஏறத்தாழ எழுபது பாகை உயரத்தில், தலைக்கு மேலே என்று சொல்லும்படி இருக்கும். தூரத்துத் தோப்பு அதை மறைக்காது. வீட்டை ஒட்டிய தென்னையின் மட்டை மறைக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களுக்குப் பதிலாக நட்ட கன்றுகள் இப்போது ஓட்டுக்கு மேல் விரிந்து நிற்கும் வீடுகளில் இதை முதலில் சந்தேகியுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் வயர் முனையைத் திருகிக் கழற்றி, நடுச்செம்பில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முனையை வெட்டிப் புதிதாகப் போட வேண்டும். பாக்ஸ் மெனுவில் சிக்னல் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என இரண்டு அளவுகள் இருக்கும்; பார்க்க வேண்டியது குவாலிட்டியை. ஈர ஓட்டின் மேல் நீங்கள் ஏறாதீர்கள்.

இணையத்தில் பார்க்கும்போது மட்டும் படம் கலங்கினால் வேகத்தைச் சோதியுங்கள். நெட்ஃபிளிக்ஸ் 1080 தரத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் (எம்.பி.பி.எஸ்.), 4கே தரத்துக்கு 15 மெகாபிட் வேகம் கேட்கிறது. பழைய வீட்டின் கனத்த சுவர்கள் வைஃபையைப் பெருமளவு விழுங்கிவிடும் என்பதால், ரவுட்டரிலிருந்து லேன் வயர் இழுத்துவிடுவதே நிம்மதி.

லோ வோல்டேஜால் படம் மங்குகிறது என்று சொல்லி ஸ்டெபிலைசர் விற்பவர்களை நம்ப வேண்டாம். இன்றைய டிவிகளில் பல, 100 முதல் 240 வோல்ட் வரை எதிலும் ஒரே படத்தைத் தரும்படி செய்யப்பட்டவை. பின்பக்கத்து ஒட்டுத்தாளில் அந்த எண்கள் அச்சிடப்பட்டிருக்கும்.

கடைசிப் படி: திரையே பழுதென்றால்

நெடுக்குக் கோடு, அசையாத கரும்புள்ளி, ஒரு மூலை மட்டும் இருள்வது ஆகியவை எல்லாத் துளைகளிலும் மெனுவின் மேலும் தெரிந்தால், அது திரையின் பழுது. தெரிந்த மெக்கானிக்காக இருந்தாலும் பின்மூடியைத் திறக்க விடாதீர்கள். திறந்தால் வாரண்டியில் சிக்கல் வரும். பில்லையும் அட்டைப்பெட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டு, நிறுவனத்தின் சேவை எண்ணுக்கு நீங்களே புகார் பதிவு செய்யுங்கள். அதற்கு முன், செட்டிங்ஸ் மெனு திறந்திருக்க, அதன் எழுத்துகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கோடு ஓடுவது தெரியும்படி செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வருபவர் “கேபிள்ல பிரச்சினை சார்” என்று தொடங்கும்போது காட்ட அது ஒன்று போதும்.