டீக்கடையில சொல்லாம விட்ட மீதிக் கதை: 50 தாண்டி ரேஸ் ஓடறவங்க பண்ற தப்புங்க

ஞாயித்துக்கெழம ரேஸ் முடிஞ்சா நாங்க யாரும் நேரா வீட்டுக்குப் போறதில்ல. வேலூர் கோட்டை பக்கமா ஒரு டீக்கடை, கழுத்துல மெடலோடயே போயி ஒக்காந்துருவோம், ஆறேழு பேரு, எல்லாம் 50 தாண்டினவங்க, ரிடயர்ட் ஹெச்எம் சாருக்கு 67. ஆளாளுக்கு அன்னிக்கு ஓடின கதை, எந்த மேட்டுல யாரைத் தாண்டுனோம், எங்க மூச்சு முட்டுச்சு, டைமிங் எவ்ளோ. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா பாதிக் கதைதான் வெளிய வரும். டைமிங் வரும், பதினாறாவது கிலோமீட்டர்ல ரோட்டோரம் வாந்தி எடுத்தது வராது. புதுசா சேந்தவங்க அந்தப் பாதியைக் கேட்டுட்டு அப்படியே செஞ்சு பாக்கறாங்க, நானும் அப்படி செஞ்சு பட்டவன்தான், 49ல ஆரம்பிச்சேன், இப்ப 58. மீதிப் பாதியை இங்க எழுதிடறேன்.

ஒம்பது வருஷமா நான் இன்னும் விட்டபாடில்லாத தப்பு, எடுத்த எடுப்புலயே பறக்கறது. காலைல அஞ்சு மணி, ஜில்லுனு காத்து, ஸ்பீக்கர்ல குத்துப் பாட்டு, சுத்தி ஆயிரம் பேரு, ரேஸுக்காக ரெண்டு வாரமா ஓட்டத்தைக் குறைச்சதுல காலு வேற ஃப்ரெஷ்ஷா இருக்கும். கிலோமீட்டருக்கு 6:40 நிமிஷம்னு பிளான் போட்டுட்டுப் போயிருப்போம், மொத கிலோமீட்டர் முடிஞ்சதும் வாட்ச்ல 5:30ன்னு காட்டும், உடனே மனசுல "அட, இன்னிக்கு நம்ம நாளுடா". நம்ம நாளும் இல்ல ஒண்ணும் இல்ல, அது பரபரப்புல உடம்புல சுரக்கற அட்ரினலின். வேகம் ஏற ஏற உடம்பு தசையில சேத்து வெச்ச சர்க்கரையைத்தான் அள்ளி அள்ளி எரிக்கும், கொழுப்பை அவ்ளோவா தொடாது, அந்த சர்க்கரை இருப்போ கொஞ்சம்தான். அது போக 30க்கு மேல பத்து வருஷத்துக்கு சுமார் 10 சதவீதம் ஆக்ஸிஜன் எடுத்துக்கற சக்தி கொறைஞ்சுனே வரும், விடாம ஓடறவங்களுக்கு மெதுவா கொறையும், ஆனா கொறையத்தான் கொறையும். சின்னப் பசங்க தப்பான வேகத்துல கெளம்பினாலும் சமாளிச்சுக்குவாங்க, நமக்கு அந்த இடைவெளி ரொம்ப சின்னது.

என் கதையையே சொல்றேன். சென்னையில ஒரு ஹாஃப் மாரத்தான், மொத அஞ்சு கிலோமீட்டர் 28 நிமிஷம். கடைசி அஞ்சு 41 நிமிஷம். டீக்கடையில மொத கணக்கை மட்டும்தான் சொன்னேன். 17வது கிலோமீட்டர்ல ஒரு வேப்பமரத்தடியில நின்னுனு இருந்தப்ப எங்க குரூப் டீச்சரக்கா, என்னை விட மூணு வயசு பெரியவங்க, ஒரே சீரா ஓடி வந்து "இன்னா தம்பி, நெழல் தேடினு இருக்கியா"ன்னு கேட்டுட்டுப் போயினே இருந்தாங்க. அவங்க கிட்ட ரகசியம்னு ஒண்ணும் இல்ல, மொத மூணு கிலோமீட்டர் பக்கத்துல இருக்கறவங்க கிட்ட வாயாடினே ஓடுவாங்க. முழுசா ஒரு வாக்கியம் பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம், அவ்ளோதான் விஷயம்.

இதோட ஒட்டினது வாட்ச் கணக்கு. ஹாஃப்னா 21.0975 கிலோமீட்டர், முறையா அளக்கற ரேஸ்ல அது இருக்கறதுலயே குறுக்கு வழியில, ஒவ்வொரு வளைவோட உள்பக்கத்தையும் ஒட்டி அளந்த தூரம். நாம கூட்டத்துல வளைஞ்சு நெளிஞ்சு, தண்ணி எடுக்க ஓரம் போயி, வளைவுல வெளிப்பக்கமா சுத்தி ஓடறோம், ஜிபிஎஸ்ஸும் கொஞ்சம் அலைபாயும், முடிக்கறப்ப 21.3, 21.4ன்னு காட்டும். "ரூட்டைத் தப்பா அளந்துட்டாங்க"ன்னு ஆர்கனைசர் கிட்ட சண்டைக்குப் போற அண்ணன் ஒருத்தர் எல்லா ரேஸ்லயும் உண்டு. வாட்ச் ஆவரேஜை நம்பி கணக்குப் போட்டீங்கன்னா கடைசியில ரெண்டு நிமிஷம் ஒதைக்கும்.

அடுத்தது வெயில். இதுல நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு தனித் திமிரு இருக்கு. வேலூர் இல்ல, வெயிலூர்னு நாமளே பேரு வெச்சுக்கினு, மே மாசம் 42, 43 டிகிரி பாத்தவனுக்கு மெட்ராஸ் வெயிலு எம்மாத்திரம்னு பேசறது. ஆனா யோசிச்சுப் பாருங்க, நாம அந்த வெயில்ல ஓடறோமா? நாலரைக்கு எழுந்து பாலாத்துப் பாலத்தைத் தாண்டி காட்பாடி காந்தி நகர் போயி திரும்பி, ஆறரைக்கெல்லாம் வீட்டுல ஃபேனுக்கு அடியில. உடம்பு வெயில்ல ஓடப் பழகணும்னா அந்த சூட்டுலயே 10, 14 நாளு கொஞ்சம் கொஞ்சமா ஓடியிருக்கணும். இன்னொண்ணு, நம்ம ஊரு காஞ்ச வெயிலு, வேர்வை வந்த ஒடனே ஆவியாயி உடம்பு ஆறிடும். கடலோரத்துல காத்துலயே ஈரம், வேர்வை ஊத்தும் ஆனா ஆவியாவாது, டீ ஷர்ட்டு தொப்பலா இருந்தும் உள்ள சூடு எறங்காது. வயசானா தாகம் தெரியறதும் கம்மி, வேர்க்கறதும் கம்மி. கூட ஓடறவர் ஒளற ஆரம்பிச்சாலோ, தள்ளாடினாலோ, கேட்டதுக்கு சம்பந்தம் இல்லாம பதில் சொன்னாலோ உசுப்பேத்தி ஓட வெக்காதீங்க, அது ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம். அங்கேயே நெழல்ல படுக்க வெச்சு, தலையில இருந்து கால் வரைக்கும் தண்ணிய ஊத்தி, விசிறி விட்டு, ஐஸ் கெடச்சா கழுத்து அக்குள்ல வெச்சு, 108க்கு அடிங்க. ஆம்புலன்ஸ் வர வரைக்கும் உடம்பைக் குளுர வெச்சுனே இருக்கணும்.

தண்ணி விஷயத்துல ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. குடிக்காம ஓடறவங்களைப் பத்தி எல்லாருக்கும் தெரியும். ஆனா எங்க இன்சூரன்ஸ் அண்ணன் பயந்துகினு ஒவ்வொரு ஸ்டால்லயும் ரெண்டு கிளாஸ்னு குடிச்சு, மூணு மணி நேரத்துக்கு மேல மெதுவா ஓடி, முடிச்சப்ப தலைவலி, கொமட்டல், விரல் வீங்கி மோதிரம் கழல மாட்டேங்குது. ரத்தத்துல உப்பு நீர்த்துப் போனா இப்படித்தான் ஆவும், முத்திட்டா வலிப்பு வரைக்கும் போயிடும். ரொம்ப நேரம் எடுத்து மெதுவா முடிக்கறவங்களுக்குத்தான் இந்த ஆபத்து ஜாஸ்தி, அதாவது நமக்குத்தான். ஒரு லாங் ரன்னுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாருங்க, ஏறியிருந்தா அளவுக்கு மீறி குடிச்சிருக்கீங்க. ஓஆர்எஸ் பாக்கெட்டை அரை பாட்டில்ல கொட்டிக் குடிக்கறது, இன்னும் சில பேரு தூளை அப்படியே வாயில கொட்டிக்கறது, ரெண்டும் வேணாம், ஒரு லிட்டர் பாக்கெட்னா ஒரு லிட்டர்லதான் கரைக்கணும். எளநீர் நல்லதுதான், ஆனா அதுல பொட்டாசியம்தான் நெறைய, வேர்வையில போறது சோடியம், அதனால எளநீர் ஒண்டி போதாது.

இப்ப சொல்றதுதான் டீக்கடையில யாருமே வாயைத் தொறக்காத விஷயம், மாத்திரை. எங்க ஏழு பேருல அஞ்சு பேரு பிபிக்கோ சுகருக்கோ மாத்திரை போடறவங்க, எனக்கே இது தெரிய நாலு வருஷம் ஆச்சு. ரேஸ் அன்னிக்கு "இன்னிக்கு ஒரு நாள் வேணாம்"னு தானா நிறுத்தறது ஒரு தப்பு, எதையும் யோசிக்காம போட்டுக்கினு ஓடறது இன்னொரு தப்பு. பிபிக்குக் குடுக்கற நீர் மாத்திரை உடம்புல இருந்து தண்ணியையும் உப்பையும் வெளிய தள்ளும், வேர்வையும் சேந்தா ரெட்டிப்பு நஷ்டம். மெட்டோப்ரோலால், அட்டெனலால் மாதிரி மாத்திரைங்க இதயத் துடிப்பை ஏற விடாது, அப்ப வாட்ச்ல ஹார்ட் ரேட்டைப் பாத்து "நான் ரொம்ப ஈஸியா ஓடினு இருக்கேன்"னு நெனச்சா மோசம் போயிடுவோம். சுகருக்கு இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுக்கறவங்களுக்கு ஓட்டத்துல சர்க்கரை சட்டுனு எறங்கும், கை நடுங்கும், கண்ணு மங்கும், பாக்கெட்ல நாலு குளுக்கோஸ் மிட்டாய் இல்லாம எறங்கவே கூடாது. டாக்டர் கிட்ட போறப்ப "வாக்கிங் போறேன்"னு மழுப்பாம "21 கிலோமீட்டர் ஓடறேன் சார்"னு உண்மையைச் சொல்லிக் கேளுங்க. திட்டுவாங்கன்னு பயந்துதான் நாம மறைக்கறோம், ரெண்டு திட்டு வாங்கினா ஒண்ணும் கொறைஞ்சு போயிட மாட்டோம்.

வலி மாத்திரை அதை விட மோசம். முட்டி வலிக்கக் கூடாதுன்னு முன்கூட்டியே டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ போட்டுக்கினு ஓடறவங்க நெறைய. உடம்புல தண்ணி கொறைஞ்ச நேரத்துல இது கிட்னிய நேரா அடிக்கும்.

அப்பால இந்த "கேஸு". நெஞ்சுல ஒரு அழுத்தம், தாடையில, இடது தோள்ல ஒரு இழுப்பு, ஓடறப்ப வந்து நின்னா போயிடுது. நம்ம ஆளுங்க என்ன சொல்லுவாங்க, கேஸு, நேத்து சாப்பிட்ட பூரி. எங்க கூட்டத்துல ஒருத்தர் ரெண்டு மாசம் சோடா குடிச்சே சமாளிச்சாரு. ஆஞ்சியோ பண்ணிப் பாத்தா ரெண்டு எடத்துல அடைப்பு. நல்ல காலம், பொழச்சு இப்ப வாலன்டியரா தண்ணி ஸ்டால்ல நிக்கறாரு. ஓடறப்ப வந்து நின்னா போற வலி இதயத்தோட அடையாளம்னு எடுத்துக்கினு அன்னிக்கே போயிக் காட்டணும். 40 தாண்டி புதுசா ஆரம்பிக்கறவங்க, அதுலயும் சுகர், பிபி, சிகரெட், வீட்டுல யாருக்காவது ஹார்ட் பிரச்சினைன்னு இருந்தா, டாக்டரைப் பாத்துட்டு அவர் சொன்னா டிஎம்டி, அதான் டிரெட்மில்ல ஓட வெச்சு இதயத்தைப் பாக்கற டெஸ்ட், எடுத்துட்டு ஆரம்பிங்க. ரிப்போர்ட் நார்மல்னு வந்துட்டா ஆயுசுக்கும் கேரண்டின்னும் இல்ல, நெஞ்சு ஏதாவது சொன்னா அப்பவும் கேக்கத்தான் வேணும்.

சாப்பாடு, சுருக்கமா முடிச்சிடறேன். சனிக்கெழம நைட்டு ஆம்பூர் பிரியாணி வேணாம். கார்போ லோடிங், அதான் ரேஸுக்கு முன்னாடி மாவுச்சத்தை ஏத்திக்கறதுன்னு நீங்க சொல்லிக்கலாம், அந்தக் கறியும் எண்ணெய்க் கத்திரிக்காயும் காலைல அஞ்சு மணிக்கு வேற கதை சொல்லும். கேவுரு கூழும் களியும் மத்த நாளைக்கு அருமை, ரேஸ் காலைல நார்ச்சத்து ஜாஸ்தி. ரெண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், பழக்கம் இருந்தா காபி, ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடியே.

ஆம்பூர்னு சொன்னதும் ஷூ ஞாபகம் வருது. ஊரே ஷூ தைக்கற எடத்துக்குப் பக்கத்துல இருந்துகினு நாம பண்றது, சனிக்கெழம பிப், அதான் நெஞ்சுல குத்திக்கற நம்பர் அட்டை, வாங்கப் போன எடத்துல டிஸ்கவுண்ட்ல புது ஷூ வாங்கி ஞாயித்துக்கெழம அதுலயே ஓடறது. எனக்கு ரெண்டு நகம் கறுத்து விழுந்துச்சு. ஓட ஓட பாதம் வீங்கும், முன்னாடி கட்டைவிரல் அகலம் எடம் விட்டு வாங்குங்க, ஒரு அம்பது கிலோமீட்டராவது பழக்கிட்டு ரேஸுக்குப் போடுங்க. ஒரே ஜோடியை மூணு வருஷம் ஓட்டறதும் தப்பு, 500ல இருந்து 800 கிலோமீட்டருக்குள்ள குஷன் செத்துடும், மேல பாத்தா புதுசாட்டம்தான் இருக்கும்.

பிப்புன்னதும் இன்னொண்ணு. வர முடியாதவரோட பிப்பைக் குத்திக்கினு ஓடறது. 62 வயசு மாமாவோட நம்பர்ல 34 வயசு மருமகன் ஓடி, சீனியர் பிரிவுல மொத பரிசுன்னு மைக்ல கூப்பிட்ட கூத்தை நான் கண்ணால பாத்தேன். சிரிச்சோம். ஆனா அந்தப் பையன் மயங்கி விழுந்திருந்தா தூக்கிப் பாக்கறவங்க கையில இருந்திருக்கறது மாமாவோட ரத்த குரூப்பும் மாமாவோட வீட்டு நம்பரும்.

டைமிங் ஒப்பீட்டைப் பத்தி கேக்கவே வேணாம். எட் விட்லாக்னு கனடாக்காரர் 2004ல 73 வயசுல மாரத்தானை 2 மணி 54 நிமிஷம் 48 செகண்ட்ல ஓடினாரு, 42.195 கிலோமீட்டர்! அதைச் சொல்லி ஹெச்எம் சார் எங்களை வாங்கு வாங்குன்னு வாங்குவாரு. விட்லாக் தினமும் மணிக்கணக்குல ஓடினவரு, வாலிபத்துலயும் ஓடினவரு, அதை மட்டும் சார் சொல்ல மாட்டாரு. ஃபௌஜா சிங் கதை வேற மாதிரி. 89 வயசுல மொத மாரத்தான், 2011ல டொரன்டோவுல 100 வயசுன்னு சொல்லி எட்டு மணி நேரத்துக்கு மேல எடுத்து முடிச்சாரு, பொறந்த சர்ட்டிஃபிகேட் இல்லாததால கின்னஸ் ஏத்துக்கல. அந்த மனுஷன் 2025 ஜூலையில சொந்த ஊருப் பக்கம் ரோட்டுல வண்டி மோதித்தான் போனாரு. அதைப் படிச்ச அன்னியில இருந்து நான் பைபாஸ் பக்கமே போறதில்ல, சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டுல கூட வண்டி எதுக்க வர பக்கமா, வலது ஓரமாத்தான் ஓடறேன், முதுகுல மின்னற பட்டை, காதுல ஹெட்போன் கெடையாது.

வெளியூர் ரேஸுக்கு நைட்டு ஒரு மணிக்குக் கார் எடுத்துக்கினு 140 கிலோமீட்டர் போயி ஓடிட்டு, அதே ஆளு திரும்பி ஓட்டினு வரதையும் நிறுத்தணும். தூக்கம் இல்லாத டிரைவர் ஸ்டியரிங்லயே கண் அசந்தா அப்பறம் மெடல் எதுக்கு. முந்தின நாளே ரயில்ல போயி தங்குங்க.

ஃபினிஷ் லைனைத் தாண்டினதும் டபக்குனு நிக்காதீங்க. ஓடறப்ப கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேல பம்பு பண்ணினு இருக்கும், நின்னதும் ரத்தம் கால்லயே தங்கி தலை சுத்தும், பிபி மாத்திரை போட்டிருந்தா இன்னும் ஜாஸ்தி. ஒரு பத்து நிமிஷம் நடந்துனே இருங்க, அப்பால ஒக்காந்து செல்ஃபி எடுங்க. மறுநாளே "லூசன் பண்ணலாம்"னு பாலமதி மலை ஏறப் போறது என் பழைய வியாதி, ஒரு தடவை குதிகால் நரம்பு இழுத்துக்கினு ரெண்டு மாசம் ஓட்டமே இல்ல. இப்ப ஹாஃப் ஓடினா ஒரு வாரம் நடை மட்டும்தான். புதன்கெழம வரைக்கும் மாடிப்படிய பின்பக்கமா திரும்பி எறங்கறேன், வீட்டுல பேரன் அதை வீடியோ எடுத்து வெச்சிருக்கான்.