ஐப்பசியில காரையாறு டேமுக்கு தனியா ஒரு ரவுண்டு

ஆடி அமாவாசைக்கு டேம் பக்கத்துல இருக்கற சொரிமுத்தையனார் கோயிலுக்கு வர்ற கூட்டத்துல அந்த மலைய நிம்மதியா பாக்க முடியாது, அதனால ஐப்பசிதான் என் சாய்ஸ். ஆனா அடைமழைக் காலம், முந்தின நாள் நியூஸ்ல அணை நீர்மட்டத்த பாத்துக்கோங்க, 143 அடி டேம் நிரம்பித் தண்ணி தொறந்துட்டாங்கன்னா ட்ரிப்ப தள்ளிப் போடுங்க.

விடியக்காலைல திருநெல்வேலில இருந்து கெளம்பிருங்க. பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியா அம்பை (அம்பாசமுத்திரம்), அங்கயே டேங்க்க ஃபுல் பண்ணிட்டு இட்லியும் முடிச்சிருங்க, மேல பங்க் தேடி அலைய முடியாது. பாபநாசம் தாண்டி ஃபாரஸ்ட் செக்போஸ்ட், பைய தொறந்து பாப்பாங்க, பிளாஸ்டிக்கோ சரக்கோ இருந்தா அங்கயே நிக்கணும், தண்ணிக்கு எவர்சில்வர் பாட்டில்தான் நல்லது. எந்த வண்டிய விடுறாங்க, எத்தன மணிக்குள்ள எறங்கணும்னு அங்கயே கேட்டுருங்க, ரூல் மாறிட்டே இருக்கும்.

அதுக்கு மேல முண்டந்துறை புலிக்காடு. கொண்டை ஊசில ஈர எல பரவிக் கெடக்கும், பிரேக்க நம்பாம செகண்ட் கியர்லயே வாங்க. கொரங்கு பக்கத்துல வந்தா பொரிகடலை பொட்டலத்த வெளிய எடுக்காதீய.

டேம் தண்ணில மட்டும் எறங்கிராதீய, மொதல இருக்கு. தனியா போறதால வீட்ல ரூட்ட சொல்லிட்டுப் போங்க, சிக்னல நம்ப முடியாது. மத்தியானம் மேகம் கூடுச்சுன்னா உடனே எறங்கிருங்க.