இதய நோய் ஆய்வுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரடைப்பிலிருந்து பிழைத்த ஒருவரின் ஈசிஜியில் இடையிடையே அதிகப்படியான துடிப்புகள் தெரிந்தால், அவருக்குத் திடீர் மரணம் நேரும் வாய்ப்பு கூடுதல். 1980களிலேயே இது தெரிந்திருந்தது. அந்தத் துடிப்புகளை மாத்திரையால் அடக்கிவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார் என்றுதானே தோன்றும்? மருத்துவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஃப்ளெகைனைடு, என்கைனைடு என்ற இரண்டு மாத்திரைகளும் அவற்றை நன்றாகவே அடக்கின. பிறகு 'காஸ்ட்' என்ற ஆய்வு இவற்றை மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டது. முடிவுகள் 1991இல் முழுமையாக வெளிவந்தன. மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர்தான். ஈசிஜி தெளிந்தது, உயிர் போயிற்று.

அளக்க எளிதான ஒன்று சரியானால் நோயாளியும் சரியாகிவிட்டார் என்று நம்புவதைத்தான் இந்தத் துறையின் மிகப் பெரிய தவறாக நான் நினைக்கிறேன். காஸ்டோடு அது நிற்கவில்லை. டார்செட்ராபிப் என்ற மருந்து 'நல்ல கொழுப்பை' 72 சதவீதம் உயர்த்தி, 'கெட்ட கொழுப்பை' 25 சதவீதம் குறைத்தது. ரத்தப் பரிசோதனைத் தாளில் இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. ஆனால் மருந்து பெற்றவர்களிடையே மரணம் கூடியதால், 15,000 பேர் பங்கேற்ற அந்த ஆய்வு 2006இல் நிறுத்தப்பட்டது. எனவே ஓர் ஆய்வுச் செய்தியைப் பார்த்ததும் நான் முதலில் தேடுவது, அதில் எதை எண்ணினார்கள் என்பதை. மரணத்தையா, மாரடைப்பையா, பக்கவாதத்தையா, அல்லது ஆய்வகத் தாளில் உள்ள ஓர் எண்ணையா? மரணம், மாரடைப்பு, மருத்துவமனையில் சேர்வது எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்லியிருந்தால் பிரித்துப் பார்க்க வேண்டும். கிடைத்த பலன் முழுவதும் கடைசி ஒன்றில் மட்டும் இருக்கலாம்.

அடுத்தது சதவீதம். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மாத்திரையை 4,444 இதய நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. ஐந்தாண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் வெற்று மாத்திரைக் குழுவில் 256 பேரும், மருந்துக் குழுவில் 182 பேரும் இறந்தனர். இதை 'மரணம் சுமார் 30 சதவீதம் குறைந்தது' என்றும் சொல்லலாம், 'நூறு பேருக்கு மூன்று உயிர்கள் தப்பின' என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. முதலாவதை மட்டும் படித்தவர் மாத்திரை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நம்புகிறார். இரண்டாவதை மட்டும் படித்தவர் 'வெறும் மூன்றுதானா' என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார். எனக்கு இரண்டாமவரைப் பற்றித்தான் கவலை அதிகம். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களிடையே நூற்றுக்கு மூன்று உயிர் என்பது சிறிய விஷயமல்ல. அதே 30 சதவீதத்தை ஆபத்து மிகக் குறைந்த இளைஞருக்குப் பொருத்தினால் கிடைக்கும் பலன் மிகச் சிறிது. யாருடைய ஆபத்திலிருந்து குறைகிறது என்பது தெரியாமல் சதவீதத்துக்குப் பொருள் கிடையாது.

'இதைச் செய்தவர்களுக்கு மாரடைப்பு குறைவு' என்ற வகைச் செய்திகளை இன்னும் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். மாரடைப்பு வந்த ஆண்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் க்ளோஃபைப்ரேட் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வின் கணக்கு 1980இல் வெளியானது. ஒழுங்காக விழுங்கியவர்களில் ஐந்தாண்டில் இறந்தவர்கள் 15 சதவீதம். சரியாக விழுங்காதவர்களில் 24.6 சதவீதம். மருந்தின் மகிமை என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் வெற்று மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர்களில் இறந்தவர்கள் 15.1 சதவீதம், ஒழுங்கில்லாதவர்களில் 28.2 சதவீதம்! மருந்தே இல்லாத மாத்திரை யாரையும் காப்பாற்றியிருக்க முடியாது. மாத்திரையைத் தவறாமல் போடுகிற மனிதர் வேறு பல வகைகளிலும் வேறுபட்டவர். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டதற்கும் இப்படிப்பட்ட வேறுபாடுகளே ஒரு முக்கியக் காரணம். 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு 2002இல் அதற்கு நேர்மாறாகக் காட்டியது: வெற்று மாத்திரை பெற்றவர்களிடையே பத்தாயிரம் பேருக்கு ஆண்டுக்கு 30 என்றிருந்த இதய நோய், மருந்து பெற்றவர்களிடையே 37 ஆக இருந்தது.

இனி ஸ்டென்ட், அதாவது இதய ரத்தக்குழாயின் அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய். இந்த விஷயத்தில் இரு பக்கமும் தவறு நடக்கிறது. அடைப்பு என்றாலே ஸ்டென்ட் உயிர் காக்கும் என்று நம்புவது முதல் தவறு. 'கரேஜ்' என்ற 2007 ஆய்வில், நடந்தால் நெஞ்சு வலி, நின்றால் சரியாகும் என்ற நிலையான நோய் கொண்ட 2,287 பேரைப் பார்த்தார்கள். மருந்தோடு ஆஞ்சியோபிளாஸ்டியும் (அடைப்பைத் திறக்கும் சிகிச்சை, பெரும்பாலும் ஸ்டென்ட் வைத்து) செய்தவர்களுக்கும், மருந்து மட்டும் பெற்றவர்களுக்கும் மரணம், மாரடைப்பு இரண்டையும் சேர்த்த கணக்கில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வலியாவது குறையுமா? 2017இல் 'ஆர்பிட்டா' ஆய்வு 200 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்து, மீதிப் பேருக்கு வைத்தது போலவே எல்லாம் செய்து, வைக்காமல் விட்டது. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. டிரெட்மில்லில் ஓடும் நேரத்தில் கிடைத்த வித்தியாசம் சுமார் 17 வினாடிதான். அதுவும் தற்செயலாக இருக்கக்கூடிய அளவு.

இதைப் படித்து 'ஸ்டென்டே ஏமாற்று' என்று முடிவு கட்டுவது முதல் தவறைவிடக் கொடியது. இவை நிலையான நோயைப் பற்றிய ஆய்வுகள். ரத்தக்குழாய் திடீரென முழுதாக அடைபட்டு மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அதைத் திறப்பது உயிர் காக்கும் சிகிச்சை. அங்கே ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. நிலையான நோயிலும் கதை முடியவில்லை. நெஞ்சு வலிக்கான இதய மாத்திரைகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் செய்த இரண்டாவது ஆர்பிட்டா ஆய்வு, ஸ்டென்ட் நெஞ்சு வலியைக் குறைக்கிறது என்று 2023இல் காட்டியது. ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் இப்படி ஒரு செய்தியைப் படித்துவிட்டு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தினால், ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து உயிருக்கு ஆபத்தாகலாம்.

'இன்ன வகை ஆட்களுக்கு மட்டும் பலனில்லை' என்ற உட்பிரிவுக் கணக்கையும் சட்டென நம்பக் கூடாது. 17,187 மாரடைப்பு நோயாளிகளிடம் ஆஸ்பிரினைச் சோதித்த 1988 ஆய்வு அது உயிர் காக்கிறது என்று தெளிவாக நிறுவியது. அதே தரவை ஆய்வாளர்கள் பிறந்த தேதியின்படி ராசிவாரியாகப் பிரித்தபோது மிதுனத்துக்கும் துலாத்துக்கும் பலன் காணோம்! கூறுபோட்டுக்கொண்டே போனால் எண்கள் எப்படியெல்லாம் தடுமாறும் என்று காட்டவே அவர்கள் அதைச் செய்தார்கள்.

நோயறியும் சோதனைகளில் நிகழும் தவறு வேறு மாதிரி. நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரையும், இல்லாதவர்களில் 90 சதவீதம் பேரையும் சரியாகச் சொல்லும் ஒரு சோதனை என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தொந்தரவும் இல்லாத ஆயிரம் பேரில் 20 பேருக்கு நோய் இருந்தால், சோதனை 18 பேரைப் பிடிக்கும். கூடவே நோயில்லாத 98 பேரையும் நோயாளி என்று சொல்லும். அறிகுறி இல்லாதவருக்குச் செய்த சோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்ததும் அடைப்பு உறுதி என்று பதறுவது இதனால்தான் தவறு. இதயத் தசை சேதமடைந்தால் ரத்தத்தில் கூடும் புரதத்தை அளக்கும் ட்ரோபோனின் சோதனையும் அப்படித்தான். சிறுநீரகச் செயலிழப்பிலும் கடும் நோய்த்தொற்றிலும்கூட அது உயரும். மாரடைப்பில் அது உயரச் சில மணி நேரம் ஆகலாம். ஆகவே வலி தொடங்கியவுடன் எடுத்த ஒரே ஒரு சோதனை சாதாரணமாக இருக்கிறது என்று வீடு திரும்புவது ஆபத்து.

கடைசியாக, ரத்த அழுத்தம். 9,361 பேர் பங்கேற்ற 'ஸ்பிரின்ட்' ஆய்வு, மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவந்தால் மரணம் குறைகிறது என்று 2015இல் காட்டியது. அந்த 120 எப்படி அளக்கப்பட்டது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, தானியங்கிக் கருவியால் மூன்று முறை எடுத்துச் சராசரி பார்த்தார்கள். சர்க்கரை நோயாளிகளும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்கும் முன் ஒரே தடவை எடுத்த 140ஐ அந்த 120ஓடு ஒப்பிட்டு மாத்திரையைக் கூட்டினால், அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கிவிடலாம். வயதானவர் இரவில் எழும்போது தலை சுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள அதுவே போதும்.