வரைபடச் சுருள்களிலிருந்து ஒரு பழைய கட்டடக்கலை நிறுவனத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு வட்டாரத்துக்குள்ளேயே இயங்கி மறைந்த கட்டடக்கலை நிறுவனத்தைப் பற்றி எழுத முற்படுவோர், பெரும்பாலும் அதன் கட்டடங்களிலிருந்து தொடங்குகிறார்கள். வரைபடங்கள் எஞ்சியிருந்தால் அவற்றிலிருந்து தொடங்குவதே என் பரிந்துரை.

சுருளைப் பிரிக்கும் முன், படம் எதன்மேல் இருக்கிறது என்று பாருங்கள். கஞ்சி ஏற்றி மெருகிட்ட டிரேசிங் துணியில் மையால் வரைந்திருந்தால், அது மூலப்படமாக இருக்கக்கூடும். நீர் பட்டால் கஞ்சி இளகிக் கறை விழும். நீலத் தளத்தில் வெண்கோடுகள் இருந்தால், அது மூலத்திலிருந்து எடுத்த புளூபிரிண்ட். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த முறையில் உருவாகும் அந்த நீலம் வெளிச்சத்தில் வெளிறும், காரத்தில் சிதையும். ஆகவே பிற தாள்களுக்கு நன்மை செய்யும் காரம் சேர்த்த உறைகளில் இதை வைக்கக் கூடாது. முறுகிய சுருளை வலிந்து விரிக்காமல் ஆவணப் பாதுகாப்பு வல்லுநரிடம் ஒப்படையுங்கள். குறிப்பெடுக்கப் பென்சிலே போதும்.

அடுத்து, தாளின் ஓரத்திலோ மூலையிலோ உள்ள தலைப்புக் கட்டத்துக்கு வாருங்கள். நிறுவன வரலாற்றின் முதுகெலும்பு அங்குதான் இருக்கிறது. பணி எண், தாள் எண், தேதி, திருத்தத் தேதிகள், வரைந்தவர், சரிபார்த்தவர் ஆகியோரின் முதலெழுத்துகள் அனைத்தையும் ஒரே அட்டவணையில் பணி எண் வரிசைப்படி பதியுங்கள். பங்குதாரர் சேர்ந்ததும் விலகியதும் நிறுவனப் பெயரின் மாற்றத்தில் தெரியும். வேறெங்கும் பெயர் பதியாத வரைவாளர்கள் எத்தனை ஆண்டு அங்கிருந்தார்கள் என்பதை அந்த முதலெழுத்துகளே சொல்லும். தேதியற்ற தாளுக்கு முன்பின் எண்களைக் கொண்டு காலம் கணிக்கலாம். ஆனால் பணி எண் குறிப்பது அந்தப் பணி தொடங்கிய காலத்தையே. தாள் பல மாதங்கள் கழித்து வரையப்பட்டிருக்கலாம்.

அளவெடுக்கும்போது ஸ்கேலை நம்ப வேண்டாம். அடிக்கு அரைக்கால் (1/8) அங்குலம், அதாவது 1:96, என்று எழுதியிருந்தாலும், நீரில் அலசி உலர்த்திய புளூபிரிண்ட் தாள் சற்றே சுருங்கியிருக்கும். படத்தில் எழுதப்பட்ட அளவையே கொள்ளுங்கள். முகப்புப் படங்களைவிட, கதவுச் சட்டம், படிக்கட்டுக் கைப்பிடி போன்றவற்றை முழு அளவில் வரைந்த விவரப் படங்களில் அதிக நேரம் செலவிடுங்கள். முகப்பை வாடிக்கையாளரின் விருப்பம் தீர்மானித்திருக்கலாம். ஒரே விளிம்பு வளைவு வெவ்வேறு பணிகளில் திரும்ப வருமானால், அது அந்த அலுவலகத்தின் கைப்பழக்கம்.

படம் இருப்பதால் கட்டடம் எழுந்தது என்று கொள்ளலாகாது. நகராட்சி அனுமதிப் பதிவேடு, அக்கால நாளிதழ்களின் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, நிற்கும் கட்டடம் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, படத்தில் மூன்று சாளரங்களும் சுவரில் இரண்டும் இருந்தால், இரு எண்ணிக்கைகளையும் தாள் எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள்.