பொலோன்யாவில் தனியாகத் தங்குவது எப்படி: முதல் மூன்று நாளுக்கான வழிகாட்டி

இத்தாலி என்றதும் எல்லோரும் ரோம், வெனிஸ், பிளாரன்ஸ் என்று ஓடுகிறார்கள். முதல் தடவை தனியாகப் போகிறவர் என்னிடம் கேட்டால் பொலோன்யா என்றுதான் சொல்வேன். 1088-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர், அதனால் தெருவெல்லாம் மாணவர்கள். ஒற்றை ஆளாக உட்கார்ந்து சாப்பிடுகிறவரை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் ஐந்து இரவு தங்கினேன். எங்கெங்கே தடுமாறினேனோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: ஊருக்குள் வருவது

இது சுலபம். விமான நிலையத்திலிருந்து மார்க்கோனி எக்ஸ்பிரஸ் என்ற மோனோரயில் சுமார் 7 நிமிடத்தில் மத்திய ரயில் நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து இன்திபென்தென்சா தெருவில் நேராக நடந்தால் ஊரின் நடுமுற்றமான பியாத்சா மஜ்ஜோரே வந்துவிடும். தெரு நெடுக மேலே கூரை, கீழே வழவழப்பான தரை. சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டே போகலாம்.

படி 2: வீட்டு வாசலைத் திறப்பது

சிரிக்காதீர்கள், என் முதல் மாலை இதிலேதான் போனது. அங்கே அடுக்குமாடிகளின் அழைப்பு மணிப் பலகையில் பெரும்பாலும் வீட்டு எண் இருக்காது, குடும்பப் பெயர்தான் இருக்கும். என்னிடம் இருந்ததோ தெருப் பெயரும் கதவு எண்ணும் மட்டும். பன்னிரண்டு பெயர்களைப் பார்த்துக்கொண்டு இருட்டும் நேரத்தில் நின்றேன். ஆகவே அறை பதிவு செய்தவுடனே, 'மணிப் பலகையில் என்ன பெயர், எத்தனையாவது மாடி' என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உள்ளேயிருந்து வெளியே வரும்போதும் பெரிய கதவு தானாகத் திறக்காது. பக்கத்துச் சுவரில் ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்த வேண்டும். படிக்கட்டு விளக்கு கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும் என்பதால் அந்தப் பொத்தானைப் பகலிலேயே பார்த்து வையுங்கள். பாஸ்போர்ட்டைக் கேட்டுப் பதிவு செய்வார்கள், தங்குவதற்கு ஊர் வரி என்று கொஞ்சம் தனியாக வாங்குவார்கள். இரண்டும் சட்டப்படிதான், ஏமாற்று இல்லை.

படி 3: காலை காபி

கடைக்குள் நுழைந்ததும் முதலில் "புவோன்ஜோர்னோ" சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் ஆர்டர் கொடுத்தால், வணக்கம் சொல்லாமல் வீட்டுக்குள் வந்தவரைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். "காஃபே" என்று கேட்டால் இரண்டு மடக்கு கடுங்காபி வரும். "லாத்தே" என்று கேட்டால் வெறும் பால்தான் வரும். நம் நாக்குக்கு நெருக்கமானது கப்புச்சீனோ, ஆனால் அது அவர்களுக்குக் காலைப் பானம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கேட்டால் தருவார்கள், லேசாகச் சிரிப்பார்கள், அவ்வளவுதான். காபி தரும் கவுண்டர் பக்கம் நின்றபடியே குடியுங்கள். மேசையில் உட்கார்ந்தால் பல இடங்களில் விலை கூடும்.

படி 4: நடப்பது

பொலோன்யாவுக்காக ஒரு நாள் முழுக்க ஒதுக்க வேண்டியது இதற்குத்தான். ஊர் முழுக்கத் தெருவோரம் தூண் வைத்த நடைகூடங்கள். போர்த்திகோ என்கிறார்கள். மொத்தமாகக் கூட்டினால் சுமார் 62 கிலோமீட்டர் வரும், 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. மாணவரும் பிழைக்க வந்தவரும் பெருகி ஊரில் இடம் போதாமல் போனபோது, வீட்டுக்காரர்கள் மேல்மாடியைத் தெருப்பக்கம் நீட்டிக் கட்டி அடியில் தூண் கொடுத்தார்கள். ஊர் நிர்வாகம் அதைத் தடுக்கவில்லை. 1288-இல் புது வீடு கட்டுகிறவர் போர்த்திகோவோடுதான் கட்ட வேண்டும் என்றே சட்டம் போட்டது. வீட்டுக்காரரின் இடம், ஆனால் எல்லோரும் நடக்கலாம். நம் ஊர் வழிப்போக்கர் திண்ணையைத் தெரு நீளத்துக்கு இழுத்துவிட்டது போல இருந்தது எனக்கு. முதல் நாள் கொட்டிய மழையில் குடை விரிக்காமல் பாதி ஊரைச் சுற்றினேன்.

வரைபடத்தைப் பையில் போட்டுவிட்டு நடங்கள். ஸ்த்ராதா மஜ்ஜோரே தெருவில் உயரமான மரத்தூண்களோடு நிற்கும் பழைய இசோலானி வீட்டைத் தவற விடாதீர்கள். பக்கத்திலேயே இரண்டு கோபுரங்கள்: 97 மீட்டர் அசினெல்லி, குட்டையாக மிகவும் சாய்ந்து நிற்கும் கரிசெண்டா. கரிசெண்டாவைத் தாங்கிப் பிடிக்கும் வேலைக்காக 2023 அக்டோபரிலிருந்து சுற்றுப்புறத்தை அடைத்திருக்கிறார்கள். எனவே கோபுரம் ஏறுவதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

பியாத்சா மஜ்ஜோரேயில் சான் பெத்ரோனியோ கோயிலின் முகப்பு பாதிக்கு மேல் வெறும் செங்கல்லாகவே நிற்கும், பளிங்கு பதித்து முடிக்கவில்லை. உள்ளே தரையில் வானியலாளர் காசினி 1655-இல் அமைத்த நீண்ட கோடு இருக்கிறது. கூரைத் துளை வழியாக விழும் வெயில் வட்டம் சூரியன் உச்சிக்கு வரும்போது அதைக் கடக்கும். எதிரே பொதெஸ்தா மாளிகையின் வளைவுக் கூரைக்கு அடியில், ஒரு மூலையில் சுவரைப் பார்த்துக் கிசுகிசுத்தால் எதிர் மூலையில் கேட்கும். தனியாகப் போகிறவருக்கு இதில்தான் சங்கடம், ஆள் வேண்டுமே. நான் சும்மா சுவரோரம் நின்றேன். எதிர் மூலையிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பாட்டி "சாவ்" என்றார், இத்தாலியில் 'ஹலோ' மாதிரி. நானும் சொன்னேன்.

படி 5: சாப்பாடு

மதியம் இரண்டரைக்கு மேல் பல உணவகங்களில் சமையலறையை மூடிவிடுவார்கள். இரவுச் சாப்பாடு ஏழரைக்குத்தான் தொடங்கும். இடைப்பட்ட நேரத்தில் பசித்தால் பேக்கரிதான். கணக்குச் சீட்டில் "கோப்பெர்த்தோ" என்று இருந்தால் அது இருக்கைக் கட்டணம், டிப்ஸ் தனியாக வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வெளிநாடுகளில் இந்த ஊர்ப் பெயரில் கிடைக்கும் 'ஸ்பெகட்டி போலோனீஸ்' என்று கேட்காதீர்கள். இங்கே ராகு என்னும் இறைச்சிக் குழம்பை முட்டை சேர்த்த அகல நாடாப் பாஸ்தாவான தல்யத்தெல்லேயோடுதான் சாப்பிடுகிறார்கள். சைவர்கள் கூடுதல் கவனம்: பூரணம் வைத்த பாஸ்தாவான சின்னத் தொர்த்தெல்லீனிக்குள் பன்றி இறைச்சி, அது மிதப்பதும் இறைச்சிச் சாறு. பெயர் ஒலிக்கும் விதம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றாலும் பெரிய தொர்த்தெல்லோனிக்குள் வழக்கமாக ரிகோத்தா பாலாடைக்கட்டி. அதை வெண்ணெயோடு கேளுங்கள். முட்டை சாப்பிடாதவருக்கு அதுவும் ஆகாது, மாவிலேயே முட்டை உண்டு. "சென்சா கார்னே", அதாவது இறைச்சி இல்லாமல், என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

படி 6: சான் லூக்கா மலை

மூன்றாம் நாள் காலையில் சரகோத்சா வாயிலிலிருந்து தொடங்குங்கள். 3.8 கிலோமீட்டர், 666 தூண் வளைவுகள் கொண்ட ஒரே போர்த்திகோ, மலை உச்சிக் கோயில் வரை கூரையோடு. பாதி தூரம் சமதளம், மெலொஞ்செல்லோ வளைவுக்கு அப்புறம் மூச்சு வாங்கும். ஓட்டப்பயிற்சிக்காரர்கள் இரண்டு தடவை உங்களைத் தாண்டிப் போவார்கள். போகட்டும், தண்ணீர் பாட்டிலோடு மெதுவாக ஏறுங்கள்.

படி 7: கிளம்புவது

பொலோன்யா நிலையத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிடுங்கள். அதிவேக ரயில்கள் பெரும்பாலும் நிலத்தடியில் நிற்கும், சில உள்ளூர் ரயில்களுக்கு 'ஓவெஸ்ட்' என்று தனியாக மேற்குப் பக்க நடைமேடைகள். உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் சின்ன இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும்.

வெளிச்சுவரில் இருக்கும் கடிகாரம் 10:25 காட்டும். ரயில் போய்விட்டதென்று நான் ஓடியே போனேன். அது பழுதாகி நிற்கவில்லை. 1980 ஆகஸ்ட் 2 அன்று காத்திருப்பு அறையில் வெடித்த குண்டில் 85 பேர் இறந்த நேரம் அது. உள்ளே அந்த அறைச் சுவரின் பிளவையும் கண்ணாடிக்குப் பின்னால் அப்படியே விட்டிருக்கிறார்கள், இறந்தவர்களின் பெயர்ப் பலகையும் இருக்கிறது. அந்த இருபது நிமிடத்தில் ஐந்தை அங்கே நிற்க வைத்துக்கொள்ளுங்கள்.