ஜிப்ராலிக் அமிலம் அடித்தும் காம்பு நீளவில்லையா?

காம்போடு வெட்டி விற்கும் கொய்மலர்ச் செவ்வந்தியில் காம்பு நீள, ஜிப்ராலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியை அடிப்பது ஓசூர்ப் பக்கம் புதிதல்ல. அடித்துவிட்டு, "ஒன்றும் தெரியலையே" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, பாட்டிலில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறது என்பதைத்தான்.

கடைகளில் கிடைக்கும் திரவங்களில் பல 0.001 சதவீதம். அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது 1 பிபிஎம்; ஆக, பாட்டிலுக்குள் இருப்பதே 10 பிபிஎம்! அதில் 2 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற்றினால் செடிக்குப் போவது 0.02 பிபிஎம். செவ்வந்திக்கு வழக்கமாகச் சொல்வதோ 50 பிபிஎம். நட்ட 30, 45, 60-ஆம் நாட்களில். அதற்கு 40 சதவீதச் சரக்கு வேண்டும், 10 லிட்டர் டாங்கிற்கு 1.25 கிராம். சமையலறைத் தராசு இதற்கு ஆகாது. நகைக்கடையில் இருப்பது போன்ற சின்னத் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

90 சதவீதத் தூள் என்றால் வேறு தொல்லை. தண்ணீரில் சரியாகக் கரையாது. நேராக டாங்கில் கொட்டினால் அடியில் தங்கியதை முதல் வரிசைச் செடிகள் குடித்துவிடும், கடைசி வரிசைக்கு வெறும் தண்ணீர்தான். கொஞ்சம் ஆல்கஹாலில் முழுக்கக் கரைத்த பிறகு தண்ணீரில் விடுங்கள். முந்தின இரவே கலந்து வைக்கவும் வேண்டாம். காரத்தன்மையுள்ள போர்வெல் தண்ணீரில் மருந்து வீரியம் இழக்கும்.

பலன் தெரியவில்லை என்று அளவை இரட்டிப்பாக்குவது அடுத்த தவறு. காம்பு நீளும், ஆனால் மெலியும்; இலை வெளிறும். மொட்டு நிறம் காட்டிய பிறகு அடித்தாலும் பூவுக்குக் கீழே கழுத்து இழுத்துக்கொண்டு பூ தலை தொங்கும். கட்டாகக் கட்டும்போது நிமிர்ந்து நிற்காத பூவுக்கு ஏது விலை?

அப்புறம் ஸ்பிரேயர். 2,4-டி என்ற களைக்கொல்லி அடித்த டாங்கை நான் ஒருமுறை அலசிவிட்டுச் செவ்வந்திக்கு எடுத்தேன். சில நாளில் இலைகள் கரண்டி போலக் குழிந்தன, நுனிகள் முறுக்கிக்கொண்டன. 2,4-டியும் ஒருவகை வளர்ச்சி ஊக்கிதானே! அலசினால் மட்டும் அது போகாது. இப்போது களைக்கு ஒரு டாங்க், பூவுக்கு ஒரு டாங்க்.

அடிக்கும்போது ஒரு பாத்தியை மட்டும் அடிக்காமல் விட்டுவிடுங்கள். அறுவடையில் அதன் காம்பையும் மற்றதையும் டேப் வைத்து அளந்தால், அடுத்த முறை மருந்து வாங்கலாமா என்று தெரிந்துவிடும்.