ஹாலை அளக்காமல் லென்ஸ் வாங்காதீர்கள்: உள்ளரங்க ஆட்டப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பகல் வெயிலில் வயல் வரப்பில் எழும்பும் கொக்கைத் துல்லியமாகப் பிடித்துத் தரும் 55-250 மி.மீ. ஜூம் லென்ஸ், அன்று இரவே பேட்மிண்டன் ஹாலுக்குள் போனதும் கைவிட்டுவிடும். லென்ஸ் கெட்டுப்போயிருக்காது. வெளியே உச்சி வெயிலில் இருந்த வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்குகூட உள்ளே கிடையாது. நம் கண் சட்டென்று பழகிக்கொள்வதால் ஹால் பளிச்சென்று தெரிகிறது. சென்சாருக்கு அது அந்தி மயங்கும் நேரம்தான்.

தஞ்சாவூர், திருச்சி, மயிலாடுதுறைப் பக்கம் முதல்முறை லென்ஸ் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி விளையாட்டு, ஊர்க் கபடி, வீட்டு விசேஷம், கோயில் என எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றைத் தேடுகிறார்கள். கடைக்குப் போனதும் பெட்டியில் எழுதியிருக்கும் பெரிய எண் கண்ணை இழுக்கிறது. வாங்குவதற்கு முன் தெரிய வேண்டியவை வேறு மூன்று: வெளிச்சம் எவ்வளவு, ஆட்டக்காரர் எவ்வளவு தூரத்தில், அவர் கை எவ்வளவு வேகத்தில். இந்த மூன்றையும் கடையில் நின்று கண்டுபிடிக்க முடியாது. படம் எடுக்கப்போகும் ஹாலில்தான் அளக்க வேண்டும்.

பெரிய எண்ணைப் பார்த்து வாங்குவது

லென்ஸின் முகப்பு வளையத்தில் இரண்டு விதமான எண்கள் இருக்கும். 55-250 என்பது எவ்வளவு கிட்டே இழுக்கும் என்பதைச் சொல்கிறது. பக்கத்தில் 1:4-5.6 என்று சிறிதாக இருப்பதுதான் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் என்பது. உள்ளரங்கில் இரண்டாவதுதான் படத்தைக் காப்பாற்றும். அதைத்தான் எஃப் எண் என்பார்கள்; எண் சிறிதானால் துளை பெரிது. எஃப்5.6 துளையோடு ஒப்பிட்டால் எஃப்2.8 நான்கு மடங்கு வெளிச்சம் விடும்; எஃப்1.8 ஏறக்குறைய பத்து மடங்கு.

இது நடைமுறையில் என்ன செய்யும் என்று பார்ப்போம். ஸ்மாஷ் அடிக்கும்போது கை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் 1/250 வினாடி என்றால் அது திறந்திருக்கும் நேரத்திலேயே கை 4 செ.மீ. நகர்ந்துவிடும், படத்தில் விரல்கள் கரைந்து போகும். 1/1000 வைத்தால் அது 1 செ.மீ. ஆகிவிடும். பேட்மிண்டனுக்கு 1/1000, கபடிக்கு 1/500 முதல் 1/800, பரதநாட்டியத்தில் ஜதி ஓடும்போது 1/500, நிலைத்து நிற்கும் அபிநயத்துக்கு 1/250 என்று தொடங்கலாம்.

கேமராவோடு வந்த கிட் லென்ஸை எடுத்துக்கொண்டு, போட்டி நடக்கும் அதே நேரத்தில் ஹாலுக்குப் போங்கள். மேனுவல் மோடில் ஷட்டரை 1/1000, துளையை எஃப்5.6, ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்வை) ஆட்டோவில் வையுங்கள். வெள்ளைச் சுவரையும் விளக்கையும் தவிர்த்து, களத்தில் நிற்பவர் முகத்தை நோக்கி அளவெடுங்கள். ஐஎஸ்ஓ 25600 என்று காட்டினால், அதே படத்தை எஃப்4 லென்ஸ் 12800லும், எஃப்2.8 லென்ஸ் 6400லும், எஃப்2 லென்ஸ் 3200லும், எஃப்1.8 லென்ஸ் 2500க்குப் பக்கத்திலும் எடுத்துவிடும். எண் மினுக்கினாலோ, கேமராவின் உச்சத்தில் போய் முட்டிக்கொண்டு படம் இருட்டாக வந்தாலோ, ஷட்டரை 1/250க்கு இறக்கி அளந்து, வரும் ஐஎஸ்ஓவை நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் கேமராவில் 3200, 6400, 12800 மூன்றிலும் ஒவ்வொரு படம் எடுத்து, வீட்டில் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். எதுவரை கிரெயின்ஸ் (புள்ளிப் புள்ளியான கரடு) பொறுக்கும்படி இருக்கிறதோ, அதுதான் நீங்கள் எந்தத் துளையுள்ள லென்ஸ் வாங்க வேண்டும் என்பதற்கான பதில். அரை மணி நேர வேலை. பல்லாயிரம் ரூபாய் போடுவதற்கு முன் இதைச் செய்யாமல் விடுவது பெரிய தவறு.

ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று எஃப்5.6 லென்ஸை வாங்குகிறவர்கள் உண்டு. அது உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான் சமாளிக்கும். ஆட்டக்காரர் நகர்வதை நிறுத்தாது. விளக்கொளியில் அசையாமல் இருக்கும் கோயில் தூணை 1/15ல் கையில் பிடித்தே எடுக்க அது அருமையாக உதவும். அதே 1/15ல் ஓடுகிறவர் வெறும் நிழல்.

தூரத்தை அளக்காமல் மி.மீ. முடிவு செய்வது

பணம் அதிகம் வீணாவது இங்கேதான். "ஸ்போர்ட்ஸுக்கு 70-200" என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, நாலு மீட்டர் தள்ளி நின்று கபடி எடுப்பவர்களுக்கு முழங்காலும் முகமும் தனித்தனியாகத்தான் கிடைக்கும்.

ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஆட்டக்காரர் கை உயர்த்திக் குதித்தாலும் முழு உருவம் அடங்க, நிமிர்த்திப் பிடித்த கேமராவில் சுமார் 2.8 மீட்டர் உயரம் தேவை. சிறிய சென்சார் உள்ள கிராப் சென்சார் கேமராவில் தூரத்தை மீட்டரில் அளந்து 8ஆல் பெருக்குங்கள். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேமில் 13ஆல் பெருக்குங்கள். வருவதுதான் உங்களுக்குத் தேவையான மி.மீ. பத்து மீட்டர் தள்ளி இருப்பவருக்கு கிராப்பில் 80, ஃபுல் ஃப்ரேமில் 130.

தூரம் அளக்க டேப் வேண்டாம், களத்தின் கோடுகளே போதும். பேட்மிண்டன் களம் 13.4 மீட்டர் நீளம், இரட்டையர் ஆட்டத்துக்கு 6.1 மீட்டர் அகலம். பின் கோட்டுக்கு 2 மீட்டர் பின்னால் உட்கார்ந்தால் வலை 8.7 மீட்டரில் இருக்கும். வலைக்கு அப்பால் 3 மீட்டர் தள்ளி, உங்களைப் பார்த்து நின்று ஆடுகிறவர் 11.7 மீட்டரில். எட்டால் பெருக்கினால் 94. கிராப் கேமராவுக்கு 85 மி.மீ. எஃப்1.8 இங்கே கச்சிதமாகப் பொருந்தும். பக்கவாட்டில் 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் களத்தின் நடு 5 மீட்டர்தான். 35 அல்லது 50 போதும்.

கபடியில் கணக்கே மாறிவிடும். ஆண்களுக்கான மேட் 13க்கு 10 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து, பாடி வருபவர் கடக்க வேண்டிய பாக் லைன் 3.75 மீட்டர், அதிலிருந்து இன்னும் 1 மீட்டரில் போனஸ் கோடு. கடைசிக் கோட்டுக்கு 2 மீட்டர் பின்னால் உட்கார்ந்தால் பாக் லைன் உங்களிடமிருந்து 4.75 மீட்டர். பாடி வருபவர் உங்கள் முகம் பார்த்து வருவார், பிடி விழுவதும் அங்கேதான். நாலைந்து பேர் மேலே விழும் அந்தக் குவியல் குறைந்தது 3 மீட்டர் அகலம் இருக்கும் என்பதால் கேமராவைப் படுக்கையாகப் பிடிக்க வேண்டும். கிராப்பில் 35 மி.மீ. அந்த இடத்தில் 3.2 மீட்டர் அகலம் தரும். கபடிக்கு நீளமான லென்ஸ் தேடி அலைகிறவர்கள் முதலில் இந்தச் சின்ன 35 எஃப்1.8ஐ மாட்டிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கேலரியில் உட்கார வைத்துவிடுவார்கள், இருபது மீட்டர் தள்ளித்தான் இடம் என்றால் மட்டும் 70-200 எஃப்2.8க்கு வேலை இருக்கிறது. பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஆடி உள்ள கேமரா) வகைகள் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. வருடத்தில் இரண்டு போட்டிதான் எடுப்பீர்கள் என்றால், கல்யாண வேலை செய்யும் போட்டோகிராபரிடமிருந்து ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

பிரைம் வாங்கியபின் நடக்கும் தவறுகள்

ஜூம் இல்லாத, ஒரே மி.மீ. கொண்ட பிரைம் லென்ஸ் எஃப்1.8 துளையோடு கையில் வந்ததும் எல்லாப் படத்தையும் எஃப்1.8லேயே எடுப்பது அடுத்த சிக்கல். கிராப் கேமராவில் 85 மி.மீ. எஃப்1.8, 5 மீட்டரில் இருப்பவரைப் பிடிக்கும்போது கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் 25 செ.மீ. மட்டுமே. ராக்கெட் கூர்மையாக, முகம் மங்கலாக வருவது இதனால்தான். அதே அமைப்பில் 10 மீட்டரில் ஒரு மீட்டர் ஆழம் கிடைக்கும், தைரியமாகத் திறக்கலாம். கிட்டே வருபவருக்கு எஃப்2.5, எஃப்2.8 என்று கொஞ்சம் மூடுங்கள். ஃபோகஸ் தொடர் முறையிலும், புள்ளி ஒன்றோ சிறு வட்டமோ நெஞ்சுக்கும் முகத்துக்கும் இடையிலும் இருக்கட்டும். பழைய டிஎஸ்எல்ஆர் என்றால் ஓரப் புள்ளிகளை நம்பாமல் நடுப்புள்ளியைப் பயன்படுத்துங்கள்.

துளை பெரிதாக இருந்தால் ஃபோகஸும் வேகமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பூ, பூச்சிகளை மிக அருகில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ்கள், துளை பெரிதாக இருந்தாலும், மிக நுணுக்கமாக நகரும்படி செய்யப்பட்டவை. ஒருமுறை தவறவிட்டால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தேடிவிட்டுத்தான் திரும்பும். ஃபோகஸ் எல்லையைக் குறைக்கும் சுவிட்ச் இருந்தால் தப்பித்தீர்கள்.

பொருத்தம் பார்க்காமல் வாங்கி மாட்டிக்கொள்பவர்களும் நிறைய. நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றுக்கு மோட்டார் கேமரா பாடியில் இருக்க வேண்டும். டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் அது கிடையாது, கையால் திருப்பித்தான் ஃபோகஸ். எஃப்டிசட் என்ற இணைப்பு வளையத்தோடு (அடாப்டர்) ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் மாட்டினாலும் இதே கதிதான். கேனானில் டிஎஸ்எல்ஆருக்கான ஈஎஃப், ஈஎஃப்-எஸ் லென்ஸ்கள் அடாப்டர் மூலம் மிரர்லெஸ்ஸான ஆர்எஃப் பாடியில் நன்றாக வேலை செய்யும்; ஆர்எஃப் லென்ஸ் பழைய டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது. ஈஎஃப்-எஸ்ஸை ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் பொருத்த முடியாது.

லென்ஸ் மேல் பழி போடுவது

தொடர்ந்து எடுத்த பத்துப் படங்களில் நாலு பளிச்சென்றும், மூன்று மஞ்சளாகவும், மீதி இருட்டாகவும் இருந்தால் லென்ஸைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 1/1000 ஷட்டர் அந்த ஏற்றத்தாழ்வில் பத்தில் ஒரு துண்டை மட்டுமே பார்க்கிறது. எந்தத் துண்டு மாட்டியதோ அந்த நிறம். கேமரா மெனுவில் ஃப்ளிக்கர் குறைப்பு இருந்தால் ஆன் செய்யுங்கள். விளக்கு உச்சத்துக்கு வரும் கணம் வரை கேமரா இம்மி நேரம் காத்திருந்து எடுக்கும். தொடர் வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மிரர்லெஸ்ஸில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். எல்இடி விளக்கின் கீழே வரிவரியாக விழுவது பெரும்பாலும் அதனால்தான். இந்த வசதிகள் இல்லாத பழைய பாடி என்றால், ரா (RAW) ஃபைலாக, நாலைந்து படங்களாகச் சுட்டுத் தேர்ந்தெடுப்பதே வழி. பிளாஷ் போட்டுச் சரிசெய்ய நினைக்கவே வேண்டாம். ஆட்டக்காரர் கண் கூசும். வேக ஆட்டத்தில் அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

லென்ஸைக் காப்பதற்கென்று மாட்டும் மலிவான யூவி ஃபில்டரும் ஹால் விளக்கைப் பிரதிபலித்துப் பச்சைப் பொட்டுகளைக் கொண்டுவரும். உள்ளே போகும்போது அதைக் கழற்றிவிட்டு ஹூட் (பக்க ஒளியை மறைக்கும் குழல்) மாட்டுங்கள்.

பொதுப் படங்களுக்கும் இதே லென்ஸா?

18-300 போன்ற ஒன்றை வாங்கினால் எல்லாம் முடிந்தது என்று தோன்றும். ஜூம் நடுவைத் தாண்டும் முன்பே துளை எஃப்5.6க்குச் சுருங்கிவிடும், கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரம் அது தடுமாறும். கிராப் கேமராவில் 17-50, 18-50, 17-70 என்று முழுவதும் எஃப்2.8 தரும் ஜூம்கள் டாம்ரான், சிக்மாவில் உள்ளன. வீட்டு விசேஷம், பொங்கல், பள்ளி மேடை என எதற்கும் இதுவே தாங்கும். பணம் இப்போது இல்லையென்றால் கிட் லென்ஸை வைத்துக்கொண்டு 35 எஃப்1.8ஐ மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிதம்பரம் நாட்டியாஞ்சலி போல மேடை தள்ளி இருக்கும் இடங்களுக்கு அடுத்து 85. இருண்ட பின்னணியில் ஸ்பாட் விளக்கு விழும் மேடையில் கேமரா ஏமாந்து முகத்தை வெளுக்க வைக்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது பாதியாக) குறையுங்கள்.

கோயிலுக்கென்றே மிக அகலமான லென்ஸ் வாங்கும் முன்னும் ஒரு கணக்கு. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 66 மீட்டர் உயரம். கேமராவை அண்ணாந்து பிடித்தால் விமானம் பின்னால் சாய்வது போல வரும். கிராப் கேமராவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து, 18 மி.மீ.யில் நிமிர்த்தி எடுக்க சுமார் 100 மீட்டர் பின்னால் போக வேண்டும், 10 மி.மீ. என்றால் 55 மீட்டர் போதும். பெரிய கோயிலின் வெளிப்பிராகாரம் சுமார் 240 மீட்டர் நீளம் என்பதால் கிட் லென்ஸுக்கே மூலை தேடிப் பின்வாங்க இடம் இருக்கிறது. சந்நிதித் தெருவோடு ஒட்டி நெருக்கமாக இருக்கும் ஊர்க் கோபுரங்களுக்குத்தான் 10-18 வகை உண்மையில் தேவைப்படும்.

பழைய லென்ஸும் டெல்டா ஈரமும்

செகண்ட் ஹேண்டில் பிரைம் வாங்குவது நல்ல யோசனைதான், பார்த்து வாங்கினால். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் வழியே பாருங்கள். சிலந்தி வலை மாதிரி, வேர் மாதிரி ஓடினால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். நாலு தூசி இருந்தால் பரவாயில்லை. முன் கண்ணாடியில் சிறு கீறல் படத்தில் தெரியாது. பின் கண்ணாடியில் கீறல் தெரியும். துளைத் தகடுகளில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா, மவுண்ட் திருகுகள் யாரோ கழற்றியது போலத் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிறகு செங்கல் சுவர் ஒன்றை நேருக்கு நேராக நின்று, முழுத் துளையில் எடுத்து நாலு மூலைகளையும் பெரிதாக்குங்கள். ஒரு மூலை மட்டும் கரைந்திருந்தால் லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கக்கூடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பீரோவுக்குள், தோல் உறைக்குள் வைத்த லென்ஸில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ரப்பர் வளையம் உள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் நிறம் மாறும் சிலிகா ஜெல், ஓர் ஈரப்பத மீட்டர் போதும். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தோ வெயிலில் காயவைத்தோ திரும்பப் போடலாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்றில் உப்பும் சேர்வதால், எடுத்து முடித்த அன்றே லென்ஸின் உடலையும் மவுண்டையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வரும்போது கேமராவைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடி, அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த கண்ணாடியில் பனி மாதிரி நீர் கோர்த்துக்கொள்ளும்.